பவுடர் பனியில் தொடை ஏன் எரிகிறது? ஆஃப்-பிஸ்ட் கேள்வி பதில்

சமன் செய்த ஸ்கீ தடத்தில், நடுத்தரக் கடினமான சிவப்புச் சரிவு வரை தடுமாறாமல் இறங்க வருகிறது. தடத்தின் ஓரக் கம்பங்களைத் தாண்டி யாரும் மிதிக்காத தூள் பனிக்குள், அதாவது ஆஃப்-பிஸ்ட் பகுதிக்குள், போனால் எல்லாம் குழம்பிவிடுகிறது. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ரகம். பல குளிர்காலங்களாக சுவிஸ் மலைகளில் இறங்கிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆழமான பனியில் பின்னால் சாய்ந்தால்தான் ஸ்கீயின் முனை மேலே வரும் என்கிறார்கள். அப்படிச் செய்தால் நாலைந்து திருப்பத்திலேயே தொடை எரிகிறது. எனக்கு வலு போதவில்லையா?

வலுவில் ஒரு குறையும் இல்லை. நாற்காலி இல்லாமல் உட்கார்ந்தபடியே மலை இறங்கினால் யாருக்குத்தான் எரியாது? ஸ்கீக்கள் ஒல்லியாக இருந்த காலத்து அறிவுரை அது, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்றைய ஆஃப்-பிஸ்ட் ஸ்கீக்களின் முன்பகுதி மேல்நோக்கி வளைந்தே வருகிறது. நடுவில் 95 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் இருந்தால், கொஞ்சம் வேகம் கிடைத்ததும் தானாக மிதக்கும். எடை பின்னால் போனால் முன்பகுதிக்குப் பிடி இருக்காது, ஸ்கீ திரும்ப மறுக்கும். அப்புறம் தோளைச் சுழற்றி இழுத்துத் திருப்பப் பார்ப்பீர்கள். விழுவது அங்கேதான்.

கணுக்காலை மடக்குங்கள். கீழ்க்காலின் முன்பக்கம் பூட்ஸின் நாக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். நெட்டித் தள்ள வேண்டாம். எடை பாதத்தின் நடுவில். கைகள் இரண்டும் உங்கள் கண்ணில் படும் இடத்தில்.

இன்னொன்று, இரண்டு காலுக்கும் ஏறக்குறைய சமமாக எடை. தடத்தில் வெளிப்பக்கக் காலில்தான் பெரும்பகுதி எடையை வைக்கப் பழகியிருப்பீர்கள். ஆழமான பனியில் அதையே செய்தால் அந்த ஸ்கீ மட்டும் புதையும், மற்றது மேலே நிற்கும், கால்கள் ஆளுக்கொரு பக்கம் போகும். கால்களைச் சற்று நெருக்கி வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்புங்கள்.

எடையை நடுவில் வைத்தும் பார்த்தேன். முதல் திருப்பமே வரமாட்டேன் என்கிறது.

வேகம் பற்றவில்லை. பயத்தில் சரிவுக்குக் குறுக்காகவே போய்க்கொண்டிருப்பீர்கள். சில மீட்டர் நேராகக் கீழே விடுங்கள். பனியே ஓரளவு பிடித்து நிறுத்தும். திருப்பத்தின் முடிவில் முழங்காலை மடக்கி அமிழ்ந்தால் அடியில் பனி இறுகி உங்களை மேலே தள்ளும். அந்தத் தள்ளலோடு சேர்ந்து நிமிருங்கள், ஸ்கீக்கள் லேசாகும். கைக்கோலைப் பனியில் தொட்டு அடுத்த பக்கம் திரும்ப வேண்டிய நேரம் அதுதான். வெடுக்கென்று திருப்பாதீர்கள், பக்கவாட்டில் பனி பிடித்துக்கொள்ளும். உருண்டையான, பொறுமையான திருப்பம் போதும். ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கட்டும். நடுவில் நின்று யோசித்தால் தாளம் போய்விடும்.

பழகுவதற்கு எங்கே போவது? நேராகப் பெரிய மலைக்கா?

வேண்டவே வேண்டாம். பனி விழுந்த மறுநாள் காலை, தடத்தின் ஓரத்திலேயே மிதிபடாத பட்டை ஒன்று இருக்கும். ஒரு ஸ்கீ தடத்திலும் மற்றது பனியிலும் என்றுகூடப் பழகலாம். அடுத்தபடி, சுவிட்சர்லாந்தில் மஞ்சள் குறியிட்ட வழிகள் இருக்கின்றன. செர்மாட், வெர்பியே என்ற ஸ்கீ ஊர்கள் இரண்டிலும் உண்டு. திறந்திருக்கும்போது பனிச்சரிவு அபாயத்திலிருந்து பாதுகாத்திருப்பார்கள், ஆனால் சமன் செய்ய மாட்டார்கள். மாலையில் யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று கடைசிச் சுற்று வந்து பார்க்கவும் மாட்டார்கள். அதனால் தனியாகவும் போகாதீர்கள், கடைசி ஆளாகவும் போகாதீர்கள்.

மேலே பொருக்கு, காலை வைத்தால் உடைந்து உள்ளே போகிறது. இதற்கு என்ன உத்தி?

அழகாக இறங்கும் ஆசையை அன்றைக்கு விட்டுவிடுங்கள். இரண்டு ஸ்கீயையும் பனிக்கு வெளியே தூக்கிக் குதித்துத் திருப்பலாம், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். குறுக்காகப் போய், நின்று, ஒவ்வொரு காலாகத் திருப்பி வைத்து மறுபடி குறுக்காகப் போவதில் வெட்கமே இல்லை.

என்னைக் கேட்டால், சரிவைத் தேர்ந்தெடுப்பதே பாதி உத்தி. வெயிலும் காற்றும்தான் பொருக்கைப் பெரும்பாலும் உண்டாக்குகின்றன. தெற்குப் பார்த்த சரிவு உடைகிறதென்றால் வடக்குப் பக்கம் நிழலில் பனி இன்னும் தூளாக இருக்கக்கூடும். ஆனால் நடுக் குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயமும் அந்தப் பக்கம்தான் நீண்ட நாள் தங்கும். மார்ச் கடைசியில் கதை மாறும். இரவில் இறுகிய தெற்குச் சரிவில், காலை வெயில் மேலே சில சென்டிமீட்டரை இளக்கும் நேரத்துக்கு ஈடே கிடையாது. மதியம் அதே இடம் கஞ்சியாகி, ஈரப் பனிச்சரிவுக்குத் தயாராக இருக்கும்.

அண்ணா, விழுந்ததில் ஒரு ஸ்கீ கழன்று பனிக்குள் போய்விட்டது. அரை மணி நேரம் தேடினேன். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பைண்டிங்கை இறுக்கிவிடலாமா?

இறுக்காதே தம்பி, முழங்கால் போய்விடும். நீ விழுந்து நின்ற இடத்தில் தேடாதே, ஸ்கீ பெரும்பாலும் அதற்கு மேலேதான் கிடக்கும். மற்ற ஸ்கீயின் பின்முனையால் குறுக்காகக் கீறிக்கொண்டே மேலே போ. ஸ்கீயில் பளிச்சென்ற நீள ரிப்பன் கட்டிக் கால்சட்டைக்குள் விட்டுக்கொள்வதும் நல்லது.

பெங்களூரிலிருந்து குல்மார்க் போகிறோம். அங்கே கொண்டோலா ரோப்காரின் இரண்டாம் கட்டத்தில் ஏறி இறங்க ஆசை. பனியில் புதைந்தவரைச் சிக்னல் வைத்துத் தேடும் ட்ரான்ஸீவர் வாங்கினால் போதுமா?

போதாது. அஃபர்வட் மலைப் பக்கம் கொண்டோலா கிட்டத்தட்ட 3,950 மீட்டர் வரை ஏற்றிவிடும். அங்கே கண்காணிப்பில் இருக்கும் பகுதியைத் தாண்டினால் எல்லாம் காட்டு மலை. 2023, 2024 இரண்டு பிப்ரவரியிலும் வெளிநாட்டு ஸ்கீயர்கள் அந்த மலையில் பனிச்சரிவில் இறந்தார்கள். உள்ளூர் கைடு இல்லாமல் போகாதீர்கள்.

ட்ரான்ஸீவர், மண்வாரி, பனிக்குள் குத்தித் தேடும் நீளக் குத்துக்கோல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம், அப்புறம் அது வேகமாகச் சரியும். மீட்புக் குழு அதற்குள் வந்து சேராது. தோண்டப் போவது கூட வந்தவர்கள்தான். அவர்களுக்குத் தேடத் தெரியாவிட்டால் உங்கள் ட்ரான்ஸீவரால் உங்களுக்கு என்ன பயன்?

30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவில் ஒவ்வொருவராக இறங்குங்கள், மற்றவர்கள் ஒதுங்கிய இடத்தில் நின்று பார்க்கட்டும். அன்றைய அபாய நிலையைக் காலையில் படியுங்கள். ஐந்து நிலைகளில் மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று நினைக்கிறார்கள். ஆல்ப்ஸில் உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த மூன்றாம் நிலை நாட்களில்தான். கைபேசியை ட்ரான்ஸீவரிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், தேடும்போது 50. ஒரே பையில் இரண்டையும் போட்டுக்கொண்டு வருபவர்களை இன்னும் பார்க்கிறேன்.