சாட்ஸ்வொர்த் மாளிகை: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த்தைக் கட்டிய டியூக் யார்?

தொடங்கி வைத்தது டியூக் இல்லை, ஒரு பெண். ஹார்ட்விக் பெஸ் என்பார்கள். அவரும் இரண்டாவது கணவர் வில்லியம் கேவண்டிஷும் 1549-இல் 600 பவுண்டுக்கு இடத்தை வாங்கினார்கள். பெஸ் நான்கு முறை மணந்தவர். பிள்ளைகள் கேவண்டிஷுக்கு மட்டுமே, அதனால் வீடு அந்தக் குடும்பத்திலேயே நின்றது. இன்று நாம் பார்ப்பதோ, பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் நாலாவது டெவன்ஷயர் ஏர்ல் (டியூக்குக்குக் கீழான பிரபுப் பட்டம்) 1687 முதல் இடித்து இடித்துக் கட்டியது. மன்னரை மாற்ற உதவியதற்குப் பரிசாக அவருக்கு 1694-இல் டெவன்ஷயர் டியூக் பட்டம் வந்தது.

கேள்வி: வீடு டெர்பிஷயரில், பட்டம் மட்டும் டெவன்ஷயரா?

பட்டத்தில் உள்ள ஊரில் நிலம் இருக்க வேண்டுமென்று சட்டம் இல்லை. அவ்வளவுதான்.

கேள்வி: நம் ஊர் மோரிஸ் பழத்துக்கும் இந்த வீட்டுக்கும் சம்பந்தம் உண்டாமே?

உண்டு. மோரிஸ், ஜி9 எல்லாமே கேவண்டிஷ் இன வாழை. 6-ஆவது டியூக்கின் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் 1830-களில் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்துக் காய்க்க வைத்து, எஜமானரின் குடும்பப் பெயரை வைத்தார். வாழை சீனாவிலிருந்து மொரீஷியஸ் வழியாக வந்தது. பெயர் மட்டும் டியூக்குக்கு!

பாக்ஸ்டன் சாதாரண ஆள் இல்லை. 1826-இல் வேலைக்குச் சேர்ந்த அன்று விடியற்காலை நாலரை மணிக்கே வந்துவிட்டார். கேட் பூட்டியிருக்க, ஏறிக் குதித்து உள்ளே போய் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ஆறு மணிக்கு ஆட்களை வேலைக்கு விட்டார். அப்புறம் காலை உணவின்போது வீட்டு நிர்வாகியம்மாவின் உறவுக்காரப் பெண் சாராவிடம் மனதைக் கொடுத்தார். மறு வருடமே கல்யாணம். ரஷ்யச் சக்கரவர்த்தி வரக்கூடும் என்று 1844-இல் அவர் அமைத்த நீரூற்று 90 மீட்டர் வரை பீறிடும். சக்கரவர்த்தி வரவே இல்லை.

கேள்வி: இவ்வளவு சொத்து இருந்தும் ஏன் கடனில் தத்தளித்தார்கள்?

வாரிசு வரிதான் காரணம். 10-ஆவது டியூக் 1946-இல் சொத்தைக் கைமாற்றினார். அன்றைய சட்டப்படி, அதன்பின் ஐந்து வருடம் உயிரோடு இருந்திருந்தால் வரி இல்லை. சில மாதம் பாக்கி இருக்கும்போது, 1950 நவம்பரில், திடீரென இறந்துபோனார். வரி 80 சதவீதம்! நிலமும் ஓவியங்களும் போயின. பெஸ் கட்டிய ஹார்ட்விக் ஹால் மாளிகையும் வரிக்கு ஈடாகப் போனது. என் கணக்கில் இதுதான் இந்தக் குடும்பத்துக்கு விழுந்த மிகப் பெரிய அடி.

கேள்வி: இப்போது வீடு யாருடையது?

1981-இல் அமைந்த ஒரு அறக்கட்டளை கவனிக்கிறது. டியூக் குடும்பம் தாங்கள் இருக்கும் பகுதிக்கு வாடகை கட்டுகிறது.