கையெழுத்து வாங்கிவிட்டால் கணக்கு முடிந்துவிடுமா?

கேள்வி: அம்மாவுக்கு 45 வயது. ஒரு நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். பிடித்தத்துக்கு முன் சம்பளம் 12,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் ஒரு நாள் விடிகாலையில், குப்பைத் தொட்டியை காம்பாக்டர் வண்டியில் (குப்பையை அழுத்தி ஏற்றும் லாரி) மாட்டும்போது வலது கை விரல்கள் சிக்கி நசுங்கிவிட்டன. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். "வீட்டுக் கதவுல நசுங்குச்சுன்னு சொல்லு, இல்லேன்னா வேலை போயிடும்" என்று மேஸ்திரி மிரட்டியதால், ஆஸ்பத்திரியிலும் அப்படியே சொல்லிவிட்டார். ஒப்பந்ததாரர் 15,000 ரூபாய் கொடுத்து, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இனிமேல் எங்களால் ஏதாவது செய்ய முடியுமா?
– பெயர் வேண்டாம் என்ற மகன்

பதில்: முடியும், தம்பி. உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் அந்தத் தாளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதனால் அதையே முதலில் சொல்கிறேன்: அது செல்லாது. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான இழப்பீட்டைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாக எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 1923-ஆம் வருடத்துப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. அந்த 15,000 ரூபாயும் இழப்பீடாகாது. பெண் தொழிலாளிக்கு மொத்தமாகத் தரும் இழப்பீட்டை இழப்பீட்டு ஆணையரிடம் கட்டித்தான் தரவேண்டும். நேராகக் கையில் கொடுத்தது கணக்கில் சேராது. இது 8-வது பிரிவு. 2025 நவம்பர் 21-ல் இந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டதே என்று யாராவது குழப்புவார்கள். அம்மாவுக்கு விபத்து நடந்தது அதற்கு முன்னால். இழப்பீடு விபத்து நடந்த அன்றே கொடுக்கவேண்டிய கடனாகிவிடுகிறது, ஆகவே பழைய சட்டம்தான் பொருந்தும்.

மனு எழுதுவதற்கு முன் அம்மாவின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் வழி வேறு: இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும், இந்தச் சட்டத்தில் தனியாகக் கேட்க முடியாது. அங்கே ஊனத்துக்கு மாதாமாதம் பணம் வரும். பிடித்தம் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

"அவங்க எங்க ஆளே இல்ல, கான்ட்ராக்ட் ஆளு" என்று நகராட்சியில் கை விரிப்பார்கள். 12-வது பிரிவின்படி ஒப்பந்ததாரரின் ஆளுக்கும் வேலை கொடுத்த நிர்வாகமே பொறுப்பு. கொடுத்ததை அவர்கள் பிறகு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். மனுவில் இரண்டு பேரையும் எதிர்மனுதாரர்களாகப் போடுங்கள்.

சரி, அந்தக் கதவு விஷயம். அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி என்று ஒன்று தருவார்கள். விபத்துப் பதிவேட்டின் நகல். காயம் எங்கே, எப்படி ஏற்பட்டது என்று அம்மா சொன்னதை டியூட்டி டாக்டர் ஒரே ஒரு வரியில் எழுதியிருப்பார். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையில் எடுப்பது அந்த வரியைத்தான். அதைத் திருத்தச் சொல்லி யாரிடமும் போகாதீர்கள். ஏன் அப்படிச் சொல்ல நேர்ந்தது, யார் மிரட்டினார்கள் என்பதை மனுவிலேயே உள்ளபடி எழுதுங்கள். அதற்குப் பக்கபலமாக வேறு காகிதங்களைச் சேருங்கள். அன்றைய மஸ்டரில் (வருகைப் பதிவேடு) அம்மாவின் வருகை, அந்த வண்டியின் லாக் புக் (ஓட்டப் பதிவேடு) ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். 108 வந்ததா? வந்திருந்தால் எந்தத் தெருவில் ஏற்றினார்கள் என்பது அவர்களுடைய பதிவில் இருக்கும். தெருமுனையில் ஏற்றிய ஆளுக்கு வீட்டுக் கதவில் எப்படி நசுங்கும்? கூட நின்றவர்களில் ஒருவராவது சாட்சிக்கு வந்தால் போதும்.

இப்போது தொகை. ஒரே கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீத இழப்பு என்று சட்டத்தின் முதல் அட்டவணை சொல்கிறது. சம்பளத்தில் 60 சதவீதம் 7,200 ரூபாய். சட்டம் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பெருக்கும் எண்ணைத் தருகிறது, 45 வயதுக்கு அது 169.44. பெருக்கினால் 12,19,968. அதில் 20 சதவீதம் சுமார் 2,43,994 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காததால் 12 சதவீத வட்டி உண்டு, ஆணையர் நினைத்தால் அபராதமும் உண்டு. வைத்தியச் செலவு தனி, பில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த 20 சதவீதத்தோடு நின்றுவிடவும் வேண்டாம். விளக்குமாற்றை இறுக்கிப் பிடிக்க முடியாத கையை வைத்துக்கொண்டு அம்மா இதே வேலையை எப்படிச் செய்வார்? இடது கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கில், ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம்தான் என்பதை 1976-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அம்மாவின் கை எந்த வேலையைச் செய்யும், எதைச் செய்யாது என்று டாக்டரிடம் விவரமாக எழுதி வாங்குங்கள்.

மனுவை, இழப்பீட்டு ஆணையராக இருக்கும் தொழிலாளர் துணை ஆணையரின் அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். விபத்து நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். அதற்கு முன்பே நகராட்சிக்கும் ஒப்பந்ததாரருக்கும் விபத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நகராட்சித் தபால் பிரிவில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் விழாமல் அந்த மேசையை விட்டு நகராதீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நகராட்சி அலுவலகத்தில் 31 வருடம் எழுத்தர் வேலை பார்த்தவள் நான். சேர்ந்த புதிதில், சாக்கடை அடைப்பு எடுக்கும்போது கண்ணாடி கிழித்துக் கால் புரையோடிப்போன ஒருவர் கடிதம் கொண்டுவந்தார். "இன்வர்ட் போடாதே, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மேலதிகாரி. வந்த தபால் பதிவேட்டில் ஏற்றாதே என்று அர்த்தம். நான் அதை மடித்து மேசை டிராயரில் வைத்தேன். பின்னால் அவர் விசாரணைக்குப் போனபோது, அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்று எங்கள் அலுவலகம் பதில் கொடுத்தது. பதிவேட்டின்படி அது உண்மை. கடிதத்தின் அடியில் நீல மையில் அவருடைய இடது பெருவிரல் ரேகை இருந்தது. எனக்கு இன்றும் அது மறக்கவில்லை.

கேள்வி: நான் அரசுப் பேருந்து நடத்துநர். இரவு டியூட்டி முடித்து எங்கள் பேருந்திலேயே வீட்டுக்குத் திரும்பும்போது விழுந்து முழங்கால் முறிந்தது. டியூட்டி முடிந்துவிட்டதால் ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள். உண்மையா?
– ஒரு நடத்துநர்

பதில்: இல்லை. பம்பாயில் வேலை முடிந்து நிறுவனத்தின் பேருந்திலேயே வீட்டுக்குத் திரும்பிய ஓட்டுநர் விபத்தில் இறந்துபோனார். அதுவும் பணியின்போது நடந்ததுதான் என்று 1963-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலைக்குப் போகும் வழி, திரும்பும் வழி இரண்டையும் புதிய சட்டத் தொகுப்பு வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. அன்றைய வே பில் (டிக்கெட் கணக்கை எழுதும் தாள்) நகலும் டிப்போவில் கணக்கு ஒப்படைத்த நேரமும் உங்கள் கையில் இருக்கட்டும். கிளை மேலாளருக்கு இன்றைக்கே எழுதுங்கள்.