அரிசி டிரம்முக்குள் ஒரு காலண்டர்

(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: போன மாதம் திருப்பூரில் பெரியப்பா மகன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அண்ணன் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். தைப்பது, செக்கிங், மூட்டை ஏற்றுவது எல்லாமே பீகார், ஒடிசா பிள்ளைகள்தான். மண்டபத்தில் தண்ணீர் கேன் தூக்கிய ஒரு பையனைச் சின்னப் பிள்ளைகள் வரை "டேய் வடக்கா" என்றே கூப்பிட்டார்கள். "ஊர் பூரா புகுந்துட்டானுங்க. இவனுங்களுக்கு வீடு விட்டா தெருவே நாறிடும்" என்றார் அண்ணன். இதே அண்ணன் 1991 டிசம்பரில் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு தப்பி வந்தவர். சுவரில் தொங்கிய தமிழ் காலண்டரை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவிட்டு, பிள்ளைகளைத் தமிழில் பேசவிடாமல் வாயைப் பொத்திக் கிடந்தோம் என்று பெரியம்மா இன்றும் சொல்வார். அதை நினைவுபடுத்தினேன். "மலேசியாவிலேர்ந்து வந்து எனக்கு நியாயம் சொல்றியா தங்கச்சி?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சொன்னது தப்பா அக்கா?
— செந்தூல் வாசகி, கோலாலம்பூர்

பதில்: தப்பே இல்லை, தங்கச்சி. நாலு பேர் முன்னால் சொல்லாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

அந்த அரிசி டிரம்மைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு கடிதம் பிரிக்க மனம் வரவில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததும் வெடித்த கலவரம் அது. அடி வாங்கியவர்களில் காவிரித் தண்ணீரைக் கண்ணால் பார்க்காத கூலிக்காரர்கள் எத்தனையோ பேர். அதற்கு முன்னால் பம்பாய். 1966-இல் பால் தாக்கரே சிவசேனையைத் தொடங்கியபோது முதல் குறி நம் தென்னிந்தியர்கள்தான். "லுங்கியை விரட்டு" என்று கோஷம் போட்டார்கள், உடுப்பி ஓட்டல்களை உடைத்தார்கள். அப்போதெல்லாம் நாம் எதைக் காட்டி நியாயம் கேட்டோம்? அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவைத்தான். இந்தியக் குடிமகன் நாட்டில் எங்கும் போகலாம், எங்கும் குடியிருக்கலாம். அதே பிரிவுதான் அந்தத் தண்ணீர் கேன் பையனையும் திருப்பூருக்கு ரயில் ஏற்றியது. நமக்கு வேண்டும்போது சாசனம், அவனுக்கு வேண்டும்போது "எங்க ஊரு" என்றால் எப்படி?

"மண்ணின் மைந்தர்களுக்கே வேலை" என்று அங்கே பேசுகிறார்கள். அந்தச் சொல்லை மலேசியத் தமிழர் யாரும் அகராதி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இங்கே மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் முன்னுரிமை தரும் பூமிபுத்ரா என்பதன் நேர்த் தமிழ் அது. பிள்ளைக்குப் பல்கலைக்கழக இடம் கிடைக்காத வீடுகளில் அந்தச் சொல் எப்படி எரிகிறது என்று நமக்குத் தெரியும். அதையே கொங்குத் தமிழில் கேட்டால் தலையாட்டிவிடுகிறோம்.

தமிழர்கள் மட்டுமா என்றால், இல்லை. 2008-இல் மும்பையில் ரயில்வே தேர்வு எழுதப் போன வட இந்தியப் பிள்ளைகளை அடித்தார்கள். 2012-இல் வடகிழக்கு மக்கள் வதந்திக்குப் பயந்து பெங்களூரை விட்டு ரயில் ரயிலாக ஓடினார்கள். 2014-இல் அருணாசலப் பிரதேசப் பையன் நிடோ தானியாவை டெல்லி கடைத்தெருவில் தாக்கினார்கள். மறுநாள் அவன் இறந்துபோனான். 2018-இல் குஜராத்தில் ஒருவன் செய்த குற்றத்துக்காகப் பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் எல்லோரையும் விரட்டினார்கள். தன் ஊரில் அடிப்பவன், தன் ஆள் வெளியூரில் அடி வாங்கினால் மட்டும் கொதிக்கிறான்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. ஹோலிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவார்களா என்று முதலாளிகள் தவித்தார்கள். உங்கள் அண்ணனும் அந்த வாரம் சரியாகத் தூங்கியிருக்கமாட்டார். பையன்கள் போய்விடுவார்கள் என்ற பயம் இருந்த மனதில், அவர்கள் இருக்க ஒரு வீடு வேண்டுமே என்ற எண்ணம் ஏன் வரவில்லை? இதைத்தான் அவரிடம் கேட்கவேண்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருந்த என் பெரியப்பா, ஊர் திரும்ப பினாங்கில் ரஜுலா கப்பல் ஏறினார். துறைமுகத்தில் அழுத அழுகையைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் என் மகள் சுபாங்கில் அறை தேடினாள். பெயரைக் கேட்டதுமே "இந்தியர்களுக்கு இல்லை" என்றார்கள். போனை வைத்துவிட்டுக் குழந்தை ஒன்றும் சாப்பிடாமல் படுத்தாள். அதே மாதம், அம்மா இருந்த பிளாட்டை வாடகைக்குக் கேட்டு ஏஜென்ட் அழைத்தார். "உணவகத்துல வேலை செய்ற ஊர்க்காரப் பையன்க நாலு பேரு" என்றார். ஊர்க்காரன் என்றால் இங்கே தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவன். "ஊர்க்காரன் வேணாம், வேற ஆள் பாருங்க" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அந்த நாலு பேரில் ஒருவன் பெரியப்பாவின் பேரனாகக்கூட இருந்திருக்கலாம். பிறகு ஏஜென்ட்டைத் திரும்ப அழைத்தேன். அவர்கள் வேறு இடம் போய்விட்டிருந்தார்கள்.

அதனால் அண்ணனிடம் மறுபடி பேசுங்கள். நியாயம் வேண்டாம், பெரியம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த டிசம்பரைப் பற்றி அவரையே பேசவிடுங்கள்.

கேள்வி: விருதுநகரில் என் மைத்துனர் கொத்தனார். வடநாட்டு ஆட்கள் வந்து கூலி இறங்கிவிட்டது என்கிறார். அவர் வயிறும் வயிறுதானே?
— பட்டர்வொர்த் வாசகர், பினாங்கு

பதில்: அவர் வயிறும் வயிறுதான் ஐயா. ஆனால் கூலியை இறக்கியது அந்த ஆட்கள் இல்லை. ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரருக்குத் தரும் கூலிக்குக் குறையாமல் வெளிமாநிலத்தாருக்கும் தரவேண்டும், பயணப்படியும் தரவேண்டும் என்று 1979-லேயே சட்டம் போட்டார்கள். அதைக் காற்றில் விட்ட காண்டிராக்டர் இருவரையும் ஏமாற்றுகிறார். இங்கே தோட்டத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கிய கங்காணியை நம் தாத்தாக்கள் மறக்கவில்லை. மைத்துனர் கேட்கவேண்டியது, "அவனுக்கும் என் கூலியைக் கொடு" என்று. அவன் கூலி ஏறினால்தான் இவர் வேலை நிலைக்கும்.

கேள்வி: எங்கள் கடைக்கு அருகே தேநீர் ஆற்றும் அண்ணனை நண்பர்கள் "ஊரான்" என்று கூப்பிடுகிறார்கள். விளையாட்டுக்குத்தான் என்கிறார்கள். எனக்குச் சங்கடமாக இருக்கிறது.
— படிவம் ஐந்து மாணவர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: பள்ளியில் உங்களை யாராவது "கிளிங்" என்று, இந்தியர்களை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லால் கூப்பிட்டால் அது விளையாட்டா தம்பி? அவர் பெயரைக் கேளுங்கள். நாளைக்கு எல்லோரும் கேட்கும்படி அந்தப் பெயரோடு அண்ணன் சேர்த்து ஒரு தே தாரேக் சொல்லுங்கள்.