அம்பாசடரின் ஸ்டீயரிங் தண்டு கியர்: கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 1966ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2 இருக்கிறது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது நடுவில் சிக்கிக்கொள்கிறது. கியர் கைப்பிடியை ஸ்டீயரிங் தண்டிலிருந்து தரைக்கு மாற்றிவிடும்படி மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம், ஐயா. ஸ்டீயரிங் தண்டில் உள்ள கியர் கைப்பிடி இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, எந்த ஜோடிக் கியர் என்று தேர்ந்தெடுப்பது. மற்றொன்று, தேர்ந்தெடுத்த ஜோடிக்குள் முன்னும் பின்னும் தள்ளுவது. ஒன்றும் இரண்டும் ஒரு ஜோடி, மூன்றும் நான்கும் மற்றொரு ஜோடி என்பதால், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில்தான் இரண்டு இயக்கங்களும் அடுத்தடுத்துத் துல்லியமாக நடந்தாக வேண்டும். கைப்பிடியைக் கியர் பெட்டியோடு சேர்க்கும் ராடுகளின் (கம்பிகளின்) இணைப்பில் உள்ள ஒவ்வொரு புஷ்ஷிலும் (மூட்டில் அமரும் சிறு உருளை வளையம்) பின்னிலும் (அதனுள் செருகும் ஆணி) சிறிது ஆட்டம் இருந்தாலும் அவை அனைத்தும் ஒன்றுசேர்ந்து, ஒரு ஜோடியை முழுவதும் விடுவதற்கு முன்பே அடுத்த ஜோடியைப் பிடிக்க முயலும் நிலையை உண்டாக்குகின்றன. உங்கள் கார் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான்.

முதலில் கிளட்ச் முழுவதுமாக விடுபடுகிறதா என்று பாருங்கள். அடுத்து என்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர்களைப் பாருங்கள். பலரும் தவறவிடும் இடம் இது. ஸ்டீயரிங் தண்டு உடலோடு பொருத்தப்பட்டிருக்கிறது, கியர் பெட்டியோ என்ஜினோடு சேர்ந்து அசைகிறது. ரப்பர் தளர்ந்துவிட்டால், நீங்கள் எவ்வளவு கவனமாக ராடின் நீளத்தைச் சரிசெய்தாலும், வண்டி ஓடத் தொடங்கியதும் அந்த அளவு மாறிவிடும். இவை இரண்டும் சரியான பிறகே புஷ்ஷையும் பின்னையும் மாற்றி, கைப்பிடியையும் பெட்டியையும் நியூட்ரலில் வைத்து ராடின் நீளத்தை அமைக்க வேண்டும். கழற்றிய ஸ்பிளிட் பின்னை (மூட்டு நழுவாமல் முனையை மடக்கிப் பூட்டும் கம்பி) திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: புஷ் பித்தளையில் கடையலாமா, நைலானில் கடையலாமா?

பதில்: எதில் கடைந்தாலும் பின் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் பயனில்லை, ஆகவே பின்னையும் சேர்த்துக் கடையச் சொல்லுங்கள். பித்தளை நீடித்து உழைக்கும், ஆனால் எண்ணெய் கேட்கும். எண்ணெயில் புழுதி ஒட்டினால் அதுவே தேய்மானத்துக்குக் காரணமாகும். நைலான் எண்ணெய் கேட்காது, அதிர்வையும் சற்று உள்வாங்கும். மழையிலும் புழுதியிலும் ஓடும் வண்டிக்கு நான் நைலானையே விரும்புவேன். பழைய புஷ்களை எறிந்துவிடாதீர்கள், அடுத்த முறை அளவெடுக்க அவை வேண்டும்.

கேள்வி: வண்டி மெதுவாக உருளும்போது முதல் கியர் போட்டால் கரகரக்கிறது. இணைப்பை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். இந்தப் பெட்டியில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (கியர்கள் சேருமுன் அவற்றின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. வண்டியை நிறுத்திவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: முதல் கேள்விக்கான பதிலை நான் ஏற்கவில்லை. அம்பாசடரில் இசுசு 1.8 லிட்டர் என்ஜினும் ஐந்து கியரும் வந்தபோது தயாரிப்பாளரே கைப்பிடியைத் தரைக்கு மாற்றினாரே? நாம் செய்தால் மட்டும் குற்றமா?

பதில்: நல்ல வாதம்; ஆனால் அந்த மாற்றத்தில் என்ஜினும் கியர் பெட்டியும் சேர்ந்தே மாறின. தரை கியருக்கென்று அமைந்த பெட்டி அது. உங்களிடம் இருப்பது மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த 1489 சிசி பி வரிசை என்ஜினின் பெட்டி. இதே குடும்பப் பெட்டி எம்ஜிஏ என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் தரை கியரோடு வந்தது உண்மைதான், ஆனால் அதற்கென வார்த்த பெட்டி உறையும் கைப்பிடி அமைப்பும் அதற்கு இருந்தன. பட்டறைகளில் பெரும்பாலும் நடப்பது வேறு: பழைய இணைப்பின் முனையில் ஒரு வளைந்த கம்பியைப் பற்றவைத்து, தரையைத் துளைத்து மேலே கொண்டுவருகிறார்கள். ஆட்டம் அப்படியே இருக்கும். மூட்டுகளின் எண்ணிக்கைதான் கூடும்.

கேள்வி: தகுந்த உறை கிடைத்தால்?

பதில்: அப்போது இயந்திரக் கண்ணோட்டத்தில் மறுப்பு இல்லை, கைப்பிடி பெட்டியின்மீதே அமர்வதால் என்ஜின் அசைவு அதைப் பாதிக்காது. ஆனால் அம்பாசடருக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலே சட்டகம். தரையின் நடுமேட்டை வெட்டினால் துளையைச் சுற்றி வலுவூட்டித்தான் ஆக வேண்டும். முன் இருக்கையில் மூவர் அமரும் வசதியும் போகும். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2021ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த காரை விண்டேஜ் வண்டியாகப் பதிவுசெய்ய, அது மூல வடிவில் இருக்க வேண்டும். சட்டகத்திலோ உடற்கூட்டிலோ என்ஜினிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது. தரையை வெட்டுவதை உடற்கூட்டு மாற்றமாகவே நான் கருதுவேன். 1966ஆம் ஆண்டு வண்டிக்கு அந்த வாய்ப்பை ஒரு துளைக்காக இழப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும். மாற்றியே தீருவதென்றால், கழற்றிய ராடுகளையும் கைப்பிடியையும் எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: எனக்கும் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் சிக்குகிறது. என்ன செய்வது?

பதில்: முதல் பதிலில் சொன்ன அதே வரிசை: கிளட்ச், மவுண்ட், பிறகு புஷ். புதிய ஸ்பிளிட் பின்.

கேள்வி: பிரீமியர் பத்மினிக்கும் இதே அளவுகள் பொருந்துமா?

பதில்: பொருந்தா. அது ஃபியட் 1100 வழிவந்தது, பாகங்கள் வேறு. பத்மினியைக் கழற்றிப் பழகிய மெக்கானிக்கிடம், பழைய புஷ்ஷையும் பின்னையும் கையில் எடுத்துச் சென்று கேளுங்கள்.