வாடகை வீட்டு ரிப்பேர்: செலவு யாருடையது?

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கும் வாடகைச் சட்டத்தின் (2017) இரண்டாம் அட்டவணையில், எந்த வேலை யார் பொறுப்பு என்று பிரித்தே எழுதியிருக்கிறார்கள். ரிப்பேர் சண்டைகள் பல, அந்த ஒரு பக்கத்தை இரு தரப்பும் படிக்காததால் வருபவைதான். அப்படிப்பட்ட சில கேள்விகளும் பதில்களும் இதோ.

கேள்வி: குளியலறைச் சுவருக்குள் பைப் கசிகிறது. மறுபக்கம் படுக்கையறைச் சுவரெல்லாம் ஓதம். சுவரை உடைக்க வேண்டும் என்கிறார் பிளம்பர். "நீங்கள்தானே புழங்குகிறீர்கள், நீங்களே பாருங்கள்" என்கிறார் ஹவுஸ் ஓனர்.

புழங்குவது நீங்கள்தான், ஆனால் பைப் மாற்றுவது அவர் வேலை. தண்ணீர் திறந்து மூடும் குழாயின் (டேப்) வாஷர் தேய்ந்தாலோ, குழாயையே மாற்ற வேண்டியிருந்தாலோ அது உங்கள் செலவு. சுவருக்குள் ஓடும் பைப், வயரிங், கட்டடத்தின் அடிப்படைப் பழுது எல்லாம் உரிமையாளருடையவை. சேதம் உங்களால் வந்தது என்றால் மட்டும் கதை மாறும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

அவர் மறுத்தால், நீங்களே வேலையை முடித்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தயவுசெய்து எடுத்தவுடன் கழித்துவிடாதீர்கள். முதலில் ஓதம் படிந்த சுவரைத் தேதியோடு படம் எடுங்கள். பிளம்பரிடம் மதிப்பீடு எழுதி வாங்கி, கடிதமாகவோ வாட்ஸ்அப்பிலோ உரிமையாளருக்கு அனுப்புங்கள். பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுங்கள். அதன் பிறகு செய்யும் வேலைக்கு ரசீது கட்டாயம். வாயால் சொன்னதை மட்டும் நம்பிக் கழித்தால், நாளைக்கு அது வாடகை பாக்கி என்றுதான் கணக்கில் நிற்கும்.

கேள்வி: நான் வீட்டு உரிமையாளர். குடியிருப்பவர் கீசரையும் இரண்டு சுவிட்சுகளையும் மாற்றிவிட்டு, வாடகையைக் குறைத்து அனுப்பியிருக்கிறார்.

கீசர், சுவிட்ச், சாக்கெட், வாஷ்பேசின், கதவுப் பூட்டு ரிப்பேர் எல்லாம் குடியிருப்பவர் பட்டியலில் இருக்கின்றன. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் கழித்தது சரியில்லை, கேட்டு வாங்கலாம். அப்புறம், குடி வந்த நாளிலேயே கீசர் பழுதாக இருந்திருந்தால் அந்தச் செலவை நீங்களே ஏற்பதுதான் நியாயம் என்பேன்.

கேள்வி: காலி செய்யும்போது பெயிண்ட் செலவு என்று அட்வான்ஸில் பெரிய தொகையைப் பிடிக்கிறார்கள்.

அட்டவணைப்படி வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் உரிமையாளர் பொறுப்பு. வருடக்கணக்கில் குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும். இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருந்தவரைப் பொறுப்பாக்க முடியாது. சுவரில் கண்டபடி துளை போட்டு வைத்திருந்தால் அது வேறு. ஒப்பந்தத்தில் "பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை" என்று இருந்தால் வாதாடுவது கஷ்டம். கையெழுத்துக்கு முன்பே அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். எந்தப் பிடித்தத்துக்கும் பில் கேளுங்கள்.

கேள்வி: கூரைக் காரை பெயர்ந்து கட்டில் மேல் விழுகிறது. பலமுறை சொல்லியும் நடவடிக்கை இல்லை.

இதில் பணத்தைவிட உயிர் பெரிது. இன்றே கட்டிலை நகர்த்துங்கள், குழந்தைகளை அந்த அறையில் படுக்க விடாதீர்கள். எழுத்து மூலம் கேட்டும் செய்யாமல், வீடு குடியிருக்க லாயக்கற்றதாக இருந்தால், 15 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறலாம். வெளியேற விருப்பமில்லையென்றால் வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டப்படி வாடகைப் பிரச்சினைகளை விசாரிக்கும் அரசு அதிகாரி) மனு கொடுக்கலாம்.

கேள்வி: ரிப்பேர் தகராறில் ஹவுஸ் ஓனர் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டார்.

கூடவே கூடாது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமையில்லை. உடனே வாடகை அதிகாரியிடம் போங்கள்.