பழைய ரோட்டைப் பிடியுங்கள்

அன்புள்ள அக்கா,

டர்பனுக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. சொந்த ஊர் மேட்டுப்பாளையம். அங்கே இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கோத்தகிரிக்கு சைக்கிள் மிதித்துவிடுவேன். இங்கே வந்ததிலிருந்து கடற்கரையோரம் மட்டும்தான் ஓட்டுகிறேன். ஊரைத் தாண்டி சைக்கிளில் போகாதே என்று அலுவலகத்தில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். ஈஸ்டர் விடுமுறையில் நானும் மனைவியும் டிராக்கன்ஸ்பர்க் மலை அடிவாரம் வரை போய், முடிந்தால் சானி கணவாயும் ஏறலாம் என்று ஆசை. என்3 (N3) நெடுஞ்சாலையின் ஓரம் நல்ல அகலமாக இருக்கிறதே, அதிலேயே போய்விடலாமா? இன்னொரு கேள்வி. 1913ல் காந்தியின் தலைமையில் நம் இந்தியத் தொழிலாளர்கள் நியூகாசிலிலிருந்து நடந்துபோன பாதையில் சைக்கிளில் போக முடியுமா?

கு., டர்பன்

அன்புள்ள கு.,

என்3 வேண்டவே வேண்டாம். அது ஃப்ரீவே, சைக்கிளுக்குச் சட்டப்படியே அனுமதி கிடையாது. அதைவிட முக்கியமாக, டர்பன் துறைமுகத்தில் இறங்கும் சரக்கை ஜோஹன்னஸ்பர்குக்கு ஏற்றிப்போகும் லாரிகள் இரவும் பகலும் ஓடுகிற ரோடு அது. ஓரம் அகலமாக இருப்பது பழுதாகி நிற்கும் வண்டிக்காகத்தான். இருபத்திரண்டு சக்கர லாரி ஒன்று நம்மை ஒட்டிக் கடந்தால் முதலில் காற்று வெளியே தள்ளும், அடுத்த நொடியே உள்ளே இழுக்கும். ஒருமுறை அனுபவித்திருக்கிறேன், வேறொரு ரோட்டில். அதைக் கீழே சொல்கிறேன்.

ஆனால் என்3 நமக்கு ஒரு நல்லது செய்திருக்கிறது. தனக்கு முன்னால் இருந்த பழைய மெயின் ரோட்டின் கூட்டத்தை எல்லாம் அது தன் மேல் எடுத்துக்கொண்டது. அந்தப் பழைய ரோடு இன்னும் அப்படியே இருக்கிறது, பெயர் ஆர்103. டர்பன் பக்கம் ஹில்கிரெஸ்ட், போத்தாஸ் ஹில், டிரம்மண்ட், இஞ்சாங்கா, கேட்டோ ரிட்ஜ் என்று ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் போகும் (1921லிருந்து காம்ரேட்ஸ் மாரத்தான்காரர்கள் ஓடுகிற பாதை இதுதான்). மாரிட்ஸ்பர்க் (பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரம்தான்) தாண்டி ஹோவிக், லிட்ஜெட்டன், நாட்டிங்ஹாம் ரோடு (ஊர்ப் பெயரே அப்படித்தான்), ரொசெட்டா, மூய் ரிவர் என்று ரயில் பாதையைத் தொட்டும் விலகியும் மேலே ஏறும். எனக்குத் தெரிந்த சூட்சுமம் இந்த ஒன்றுதான். எந்த ஊருக்குப் போவதாக இருந்தாலும், பெரிய ரோடு வருவதற்கு முன்னால் ஜனங்கள் எந்த வழியாகப் போனார்கள் என்று கேளுங்கள். கிழவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வண்டி குறைந்த, ஆனால் ஊரும் கடையும் தண்ணீரும் உள்ள பாதை அதுவாகத்தான் இருக்கும்.

ஹோவிக்கைத் தாண்டியதும் மண்டேலா பிடிபட்ட இடம் வரும், 1962 ஆகஸ்ட் 5. டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்குக்கு, டிரைவர் வேடத்தில், அன்றைய மெயின் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். அந்த மெயின் ரோடு இப்போது நீங்கள் மிதிக்கப்போகும் ஆர்103. சம்பவம் நடந்து ஐம்பதாவது வருடத்தில் அங்கே ஐம்பது இரும்புத் தூண்கள் நட்டார்கள். பக்கத்தில் நின்றால் வெறும் தூண்கள். கொஞ்ச தூரம் தள்ளி ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் அத்தனையும் சேர்ந்து மண்டேலாவின் முகமாகிவிடும். சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்துபோய்ப் பாருங்கள். அப்புறம் ரோட்டுக்குத் திரும்பி வந்து ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள், எத்தனை வண்டி போகிறதென்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

சரி, தேதிக்கு வருகிறேன். ஈஸ்டர் வேண்டாம். அந்த நான்கு நாளும் ஜோஹன்னஸ்பர்கே கடலுக்கு இறங்கிவரும், மிட்லண்ட்ஸ் என்கிற இந்த நடுப்பகுதியின் கைவினைக் கடைகளையும் பால் பண்ணைகளையும் பார்க்க வரும் கார்கள் ஆர்103ஐயே நிரப்பிவிடும். என்3ல் விபத்து என்றால் லாரிகளையும் இதில்தான் திருப்பிவிடுவார்கள். பெரிய வெள்ளிக்கு மாரிட்ஸ்பர்க் சுப்பிரமணியர், மாரியம்மன் கோயில் தீமிதிக்கு வாருங்கள், சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு. பயணத்தை ஏப்ரல் கடைசி அல்லது மே மாதத்துக்குத் தள்ளி, வார நாளாகப் பாருங்கள். கோடையில், அதாவது அக்டோபரிலிருந்து மார்ச் வரை, மத்தியானம் மேகம் திரண்டால் சாயங்காலம் இடி. புல்வெளி மலையில் உயரமாக நிற்பது நீங்களும் சைக்கிளும் மட்டும்தான், மின்னல் நேரத்தில் அது ஆபத்து. ஜூன், ஜூலையில் வானம் சுத்தமாக இருக்கும், ஆனால் காலையில் உறைபனி, கைவிரல் பிரேக்கைப் பிடிக்காது. மே மாதத்தில் புல் பொன்னிறமாகிவிடும், காற்றும் அடங்கியிருக்கும்.

வழியைப் பற்றி. டர்பனிலிருந்தே மிதிக்க வேண்டியதில்லை, சைக்கிளை ஏதாவது பக்கியில் (பின்னால் திறந்த சின்ன பிக்கப் வண்டி) ஏற்றி மாரிட்ஸ்பர்க் வந்துவிடுங்கள். அங்கிருந்து ஓல்ட் ஹோவிக் ரோடு வழியாக ஹில்டன் ஏறுங்கள், அதுவும் பழைய ரோடுதான். கோத்தகிரி ஏறிய கால்களுக்கு அது பெரிதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம்ம ஊர் மலைரோடு ஒரே ஏற்றமாக ஏறி ஒரே இறக்கமாக இறங்கும். இங்கே ஒரு ஓடைக்கு இறங்கி, ஏறி, அடுத்த ஓடைக்கு இறங்கி என்று நாள் முழுவதும் போகும். மேப்பில் அறுபது கிலோமீட்டர் என்று பார்த்து மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். முதல் இரவு நாட்டிங்ஹாம் ரோட்டில் தங்குங்கள்.

அங்கிருந்து லோத்தேனி பள்ளத்தாக்கு வழியாக, சானி பக்கத்து ஊரான ஹிம்வில் போகும் பாதைதான் இந்த மாகாணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது. சுமார் தொண்ணூறு கிலோமீட்டர், மண்சாலை நீளமாக வரும். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், தங்கும் இடத்தை முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். இடது பக்கம் மேய்ச்சல் நிலம், வலது பக்கம் டிராக்கன்ஸ்பர்க் சுவர் மாதிரி கூடவே வரும். ஈர நிலங்களில் தலையில் பொன்னிறக் கொண்டை வைத்த கொக்குகள் ஜோடி ஜோடியாக மேயும், அவை கத்துவதை நெடுந்தூரத்திலிருந்தே கேட்கலாம். டி என்று தொடங்கும் எண் பலகைகள் மாவட்டச் சாலையைக் குறிக்கும். மெல்லிய டயர் அங்கே உதவாது, நாற்பது மில்லிமீட்டராவது அகலம் வேண்டும். ரோட்டோரப் புல்லில் சைக்கிளைச் சாய்க்காதீர்கள், அங்கே கிடப்பது நம்ம ஊர் நெருஞ்சியேதான், அதே முள், அதே குணம்.

இந்தப் பாதையில் ஒரு நவம்பர் மாதம் இடிமழையில் மாட்டிக்கொண்டேன். மத்தியானத்துக்கு மேல் கிளம்பியது என் தப்பு. ஒரு கோகோ, பாட்டியை ஜுலுவில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், தன் வட்டக் குடிசை வாசலில் நின்று கைதட்டிக் கூப்பிட்டார். உள்ளே போனதும் கேள்வி ஒன்றும் கேட்காமல் ஒரு கிண்ணத்தில் புத்துவும் அமாசியும் வைத்தார். சோளமாவை உதிர்த்துக் கிண்டியது புத்து, புளித்த பால் அமாசி. கூழில் மோர் ஊற்றிக் குடித்து வளர்ந்த நாக்குக்கு அது வேற்றூர்ச் சாப்பாடாகவே படவில்லை. மழை விட இரண்டு மணி நேரம் ஆனது. எனக்குத் தெரிந்த ஜுலு பத்து வார்த்தை, அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் பேசிக்கொண்டேதான் இருந்தோம். அதனால் சொல்கிறேன், எதிரே வருபவருக்கு வணக்கம் சொல்லாமல் கடந்துபோகாதீர்கள். ஒருவர் என்றால் சவுபோனா, பலர் என்றால் சனிபோனானி.

பயமுறுத்துபவர்கள் பொய் சொல்லவில்லை. இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்கிவிடுங்கள், இருவரும் ஒருவர் பார்வையில் ஒருவர் இருங்கள், போனைக் கைப்பிடியில் மாட்டிக் காட்டிக்கொண்டு போகாதீர்கள், ஊரின் விளிம்பில் நிற்காமல் நடுவில் கடை பார்த்து நில்லுங்கள். தங்கும் இடத்தில் எத்தனை மணிக்கு வருவோம் என்று சொல்லி வையுங்கள். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம்.

சானி. உச்சி 2,876 மீட்டர், மேலே போனால் லெசோத்தோ நாடு. ஹிம்வில் வரை வந்து கால் எப்படி இருக்கிறதென்று பார்த்து முடிவெடுங்கள். கடைசிப் பகுதி செங்குத்து, கல் உருளும், பல இடங்களில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். சாயங்காலம் எல்லைச் சாவடி மூடிவிடுவார்கள். பாஸ்போர்ட்டோடு, உங்கள் இந்த நாட்டு விசா திரும்பவும் உள்ளே வர அனுமதிக்குமா என்பதையும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள், இந்திய பாஸ்போர்ட்காரர்கள் அதில்தான் சிக்குகிறார்கள். ஹிம்வில்லிலிருந்து திரும்பி வர யாரையாவது வண்டியோடு வரச்சொல்லுங்கள். ஆர்617 வழியாக மிதித்து வரலாம்தான், ஆனால் மரம் ஏற்றிய லாரிகள் அதிகம்.

இப்போது 1913. உங்கள் கேள்வியைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது, ஏனென்றால் நானும் முயன்றேன். 1913 நவம்பர் 6 அன்று அன்றைய டிரான்ஸ்வால் மாகாண எல்லையைக் கடக்கப் புறப்பட்டவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். அதற்கு முன்பே நியூகாசிலிலிருந்து எல்லையோர ஊரான சார்ல்ஸ்டவுன் வரை, 36 மைல், நடந்தே வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, கொஞ்சம் சர்க்கரை. மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து, நிலக்கரிச் சுரங்க வேலையை விட்டு வந்தவர்கள். அவர்களை வேலைநிறுத்தத்துக்கு எழுப்பியவர்களில் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் முக்கியமானவர்கள். வழியில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன.

அந்த வழியில் இன்று ஓடுவது என்11, பெரும்பாலும் லாரிகள். நியூகாசிலிலிருந்து கிளம்பி இன்கோகோ வரை போனேன். ஒரு லாரியின் காற்று என்னை ரோட்டை விட்டு ஓரத்துப் பள்ளத்தில் தள்ளியது, முழங்கை கிழிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், வலிக்காக இல்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்கள் ஏறிய லேங்ஸ் நெக் கணவாயின் ஏற்றம் கண்ணெதிரே தெரிந்தது, என்னால் போக முடியவில்லை. அதனால் அந்தப் பாதையில் சைக்கிள் வேண்டாம். காரில் போங்கள், லேங்ஸ் நெக்கில் இறங்கி நின்று வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள்.

என்11க்கு இணையாகப் பண்ணைகளுக்குள் மண்சாலைகள் சில போகின்றன, மேப்பில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். எங்கே வேலி, எங்கே வாயிற்கதவு, எந்தப் பண்ணைக்காரரிடம் கேட்க வேண்டும் என்று இன்னும் போய்ப் பார்க்கவில்லை. இந்தக் குளிர்காலத்தில் போகிறேன்.

நீங்கள் மே மாதத் தேதியை முடிவு செய்ததும் எழுதுங்கள். மாரிட்ஸ்பர்கிலிருந்து ஹில்டன் ஏற்றம் வரை நானும் உங்களோடு வருகிறேன்.

அன்புடன்,
அக்கா