திசைவேகம்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (படிவம் 4 மாணவி, செந்தூல்): சார், மலாய்ப் பாடத்தில் வரும் லாஜு (வேகம்), ஹலாஜு (திசைவேகம்) இரண்டுக்கும் ஒரே அலகுதானே? அப்புறம் எதற்கு இரண்டு?

பதில்: அலகு ஒன்றுதான்மா, அளப்பதுதான் வேறு. ஓடிய பாதையின் முழு நீளத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம், உங்கள் பாடத்தில் லாஜு. புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேர்க்கோடு போட்டு, அந்த இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தால் சராசரி திசைவேகம், அதாவது ஹலாஜு. செப்பாங் பந்தயத் தடத்தின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். 2017 பந்தயத்தில் கார் பந்தய வீரர் செபாஸ்டியன் வெட்டல் அதை ஏறக்குறைய 94 வினாடியில் சுற்றினார். சராசரி வேகம் மணிக்குச் சுமார் 212 கிலோமீட்டர். சராசரி திசைவேகமோ சுழியம்! புறப்பட்ட கோட்டுக்கே வந்துவிட்டாரே, இடப்பெயர்ச்சி ஏது? மனம் ஒப்பாதுதான். ஆனால் சராசரி திசைவேகம் தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே பார்க்கும். அந்தச் சுற்றின் எந்தக் கணத்திலும் அவருடைய திசைவேகம் சுழியமாக இருக்கவில்லை.

கேள்வி: நேர் சாலையிலும் இரண்டும் வேறுபடுமா?

பதில்: ஒரே பக்கமாகப் போகும்வரை அளவு ஒன்றே. யூ-டர்ன் போட்டதும் சராசரிகள் பிரிந்துவிடும்.

கேள்வி (ஒரு தாயார், பிரிக்பீல்ட்ஸ்): ஐயா, மகனின் வீட்டுப்பாடத்தில் திசைவேகம் −5 என்று விடை வருகிறது. மெதுவாகிறது என்று அர்த்தமா?

பதில்: இல்லைங்க. கிழக்கைக் கூட்டல் என்று வைத்துக்கொண்டால், −5 என்பது மேற்கே 5. குறி சொல்வது திசையை மட்டும்தான். மெதுவாகிறதா என்று அறிய முடுக்கத்தின், அதாவது திசைவேகம் மாறும் வீதத்தின், குறியையும் பாருங்கள். இரண்டும் ஒரே குறி என்றால் வேகம் கூடுகிறது, எதிரெதிர் என்றால் குறைகிறது. கணக்கைத் தொடங்கும் முன்பே தாளில் ஓர் அம்பு போட்டு, ‘இந்தப் பக்கம் கூட்டல்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி (மோட்டார் ஓட்டுபவர், கெப்போங்): அண்ணே, வளைவில் மீட்டர் 60-லேயே நிற்கிறது. அப்போ முடுக்கம் கிடையாதுதானே?

பதில்: உண்டு தம்பி, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிங்க. மீட்டர் காட்டுவது வேகத்தை மட்டும். வளைவில் திசை கணத்துக்குக் கணம் மாறுகிறது, அதனால் திசைவேகமும் மாறுகிறது. திசைவேகம் மாறினாலே முடுக்கம்தான்; அது வளைவின் மையத்தை நோக்கி இருக்கும். அதற்கான விசையைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு. அதே வளைவில் 30-க்குப் பதில் 60-ல் போனால் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு விசை வேண்டும். மாலை மழையில் சாலை நனைந்தால் உராய்வு குறையும், தேவை மட்டும் குறையாது. உராய்வு போதாமல் போனால் வண்டி வளையாமல், அந்தக் கணத்தில் எந்தத் திசையில் போனதோ அந்தப் பக்கமே நழுவும். அதனால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைங்க. உள்ளே போய் பிரேக் பிடித்தால், இருக்கிற உராய்வை வளைவதற்கும் நிறுத்துவதற்கும் பங்கு போட வேண்டிவரும்.